வாக்கில்லாத வீரர்கள்

அந்தமான் நிகோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரில் உள்ள குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று ஷாதிபூர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்நகரத்திலிருந்து தில்லி ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கப்பலில் புறப்பட்டால் சென்னையை எட்டவே ஏறக்குறைய மூன்று நாள்கள் ஆகும். ஷாதிபூரில் வளரும் ஒரு சிறுமி விளையாட்டில் முன்னேற விரும்பினால், அவள் எந்தப் போட்டியில் கலந்துகொள்ளலாம், எந்தப் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுவாள், யார் அவளுக்குப் பயிற்சி அளிப்பார், இந்திய அணியில் அவளுக்கு இடம் உண்டா இல்லையா என்பனவற்றையெல்லாம் முடிவு செய்வது அந்த விளையாட்டின் தேசிய சம்மேளனம்தான். ஆனால், அந்தச் சம்மேளனத்தின் தலைவர் யார் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவளுக்கோ, அவளைப் போன்ற ஆயிரக்கணக்கான வீரர், வீராங்கனைகளுக்கோ ஒரு வாக்குகூடக் கிடையாது.

இது தீவுகளுக்கு மட்டும் உரிய குறை அல்ல. கோவில்பட்டியின் ஹாக்கி வீரருக்கும், ஹரியானா கிராமத்து மல்யுத்த வீராங்கனைக்கும், மணிப்பூரின் கால்பந்து வீரருக்கும் இதே நிலைதான். தேசிய விளையாட்டு அமைப்பு ஒன்றின் தலைமைப் பதவிக்கு ஒருவர் வரும்போதெல்லாம், அவர் தகுதியானவரா, அரசியல்வாதியா, முன்னாள் வீரரா என்ற விவாதம் எழுகிறது. சில நாள்கள் பரபரப்பாகப் பேசப்பட்டு அடங்கியும் விடுகிறது. அவரைத் தலைவராக்கியவர்கள் யார், அவர்களுக்கு அந்த உரிமையை வழங்கியது யார் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. நோயின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

அண்மைக்கால நிகழ்வுகளில் நாட்டை உலுக்கிய மல்யுத்த சம்மேளன விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் தலைவராக இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கூறி, ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோரும் வினேஷ் போகாட்டும் 2023 ஜனவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தைத் தொடங்கினர். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. அதே ஆண்டு மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாளில், அதை நோக்கிச் செல்ல முயன்ற வீராங்கனைகள் சாலையில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. பின்னர் 2024 மே மாதத்தில் தில்லி நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. சிறுமி ஒருவர் தொடர்பான போக்ஸோ வழக்கு 2025 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது. குற்றம் நிகழ்ந்ததா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். அதைப்பற்றி இங்கு கருத்துக் கூற வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது அதன்பின் நடந்த தேர்தலை. 2023 டிசம்பர் 21 அன்று நடைபெற்ற அந்தத் தேர்தலில், முந்தைய நிர்வாகத்தில் இணைச் செயலராக இருந்தவரும் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமானவருமான சஞ்சய் சிங் 40 வாக்குகள் பெற்று வென்றார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட அனிதா ஷியோரன் 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றவர். போராடிய வீராங்கனைகளின் ஆதரவு பெற்ற அவருக்குக் கிடைத்தவை 7 வாக்குகள். அன்று மாலையே சாக்ஷி மாலிக் தமது காலணிகளை மேஜை மீது வைத்துவிட்டு மல்யுத்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். மறுநாள் பஜ்ரங் புனியா தமது பத்மஸ்ரீ விருதைத் தில்லியின் நடைபாதையில் வைத்துவிட்டுச் சென்றார். மூன்றே நாள்களில் விளையாட்டுத்துறை அமைச்சகம் புதிய நிர்வாகத்தை இடைநீக்கம் செய்தது. அந்த இடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது 2025 மார்ச் மாதத்தில்தான்.

40-க்கு 7 என்ற அந்தக் கணக்கு எப்படி வந்தது? 25 மாநிலச் சங்கங்கள், சங்கத்துக்கு இருவர் வீதம் 50 வாக்காளர்கள். அவ்வளவுதான் வாக்காளர் பட்டியல். களத்தில் மல்யுத்தம் செய்யும் ஒருவருக்கும், வீரர் என்ற முறையில், அதில் இடமில்லை. அனிதா ஷியோரன் ஹரியானாவைச் சேர்ந்தவர். அவர் ஒடிசா சங்கத்தின் பிரதிநிதியாகத்தான் போட்டியிட முடிந்தது. நாட்டுக்காகப் பதக்கம் வென்ற ஒருவர், வேட்பாளராக நிற்பதற்கே வேறொரு மாநிலச் சங்கத்தின் தயவை நாட வேண்டியிருந்தது. இத்தகைய வாக்காளர் மன்றத்தில் வேறு முடிவு வந்திருந்தால்தான் வியப்பு.

கால்பந்தின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதல்ல. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் பதவியில் 1988 முதல் 2022 வரையிலான 34 ஆண்டுகளில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி. மற்றவர் பிரஃபுல் படேல். இருவரும் மத்திய அமைச்சர்களாக இருந்தவர்கள். படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்த பிறகும், வழக்கு நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டித் தேர்தல் நடத்தப்படவில்லை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஆர். தவே தலைமையில் மூவர் நிர்வாகக் குழுவை நியமித்தது.

அப்போது ஓர் அரிய வாய்ப்பு உருவாயிற்று. 2022 ஆகஸ்ட் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்ற திட்டத்தின்படி, மாநில, யூனியன் பிரதேசச் சங்கங்களின் 36 பிரதிநிதிகளுடன், இந்தியாவுக்காக விளையாடிய 36 பேரும் வாக்களிக்க இருந்தனர். அவர்களில் 24 பேர் ஆண்கள், 12 பேர் பெண்கள். சங்க நிர்வாகிகளும் வீரர்களும் சரிசமமாக அமரும் வாக்காளர் மன்றம் இந்திய விளையாட்டு வரலாற்றில் அபூர்வமானது. ஆனால், மூன்றாம் தரப்பின் தலையீடு என்று கூறி, சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவை இடைநீக்கம் செய்தது. மகளிருக்கான 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு கைநழுவிவிடும் என்ற நெருக்கடியில், ஆகஸ்ட் 22 அன்று நிர்வாகக் குழு கலைக்கப்பட்டது. வீரர்களின் வாக்குரிமையும் அத்துடன் கலைந்தது.

செப்டம்பர் 2 அன்று நடந்த தேர்தலில் முன்னாள் கோல்காப்பாளரும், 2019 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா வேட்பாளராகப் போட்டியிட்டவருமான கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற்றார். இந்திய அணியின் முன்னாள் தலைவர் பாய்ச்சுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. சிக்கிமைச் சேர்ந்த பூட்டியாவின் பெயரை முன்மொழிந்தது ஆந்திரம். வழிமொழிந்தது ராஜஸ்தான். இரு மாநிலங்கள் பெயர் கொடுத்தும் பெட்டியில் விழுந்தது ஒரு வாக்குதான் என்பது, அந்த மன்றத்தில் வாக்குகள் எப்படி நகர்கின்றன என்பதற்குச் சான்று. தேர்தல் சட்டப்படி நடந்தது என்பதில் ஐயமில்லை. முன்னாள் வீரர் ஒருவர் தலைவரானார் என்பதும் உண்மை. ஆயினும், களத்தில் ஆடியவர்கள் 36 பேர் வாக்களித்திருந்தால் இதே முடிவு வந்திருக்குமா என்ற கேள்விக்கு இனி ஒருபோதும் விடை கிடைக்கப் போவதில்லை.

இந்தச் சண்டையில் அடிபட்டது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிஃபாவின் தடை வந்தபோது, கோகுலம் கேரள மகளிர் அணி ஆசிய மகளிர் கிளப் போட்டியில் ஆடுவதற்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் நகரில் இருந்தது. தேசிய லீக் பட்டம் வென்று, பயணம் செய்து, போட்டி நடக்கும் நாட்டை அடைந்துவிட்ட அந்தப் பெண்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினர். தேர்தலைத் தள்ளிப்போட்டதில் அவர்களுக்குப் பங்கில்லை. விதிகளை மீறியதிலும் பங்கில்லை. தண்டனை மட்டும் அவர்களுக்கு.

இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பும் இதுவே நடந்தது. 2012 டிசம்பர் 4 அன்று சர்வதேச ஒலிம்பிக் குழு இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. அதைப் பொருட்படுத்தாமல் மறுநாளே தேர்தல் நடத்தப்பட்டு, காமன்வெல்த் போட்டி முறைகேட்டு வழக்கில் கைதாகி ஜாமீனில் வெளிவந்திருந்த லலித் பானோட் போட்டியின்றிப் பொதுச் செயலரானார். விளைவு, 2014 பிப்ரவரி 7 அன்று சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் சிவ கேசவன் உள்ளிட்ட மூன்று இந்திய வீரர்கள் மூவண்ணக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் கீழ் அணிவகுத்தனர். குற்றப்பத்திரிகைக்கு ஆளானவர்கள் போட்டியிடக் கூடாது என்ற விதியை ஏற்று, பிப்ரவரி 9 அன்று புதிய தேர்தல் நடத்தப்பட்ட பிறகே தடை விலகியது.

அந்தத் தேர்தலில் போட்டியின்றித் தலைவரானவர் சென்னையைச் சேர்ந்த என். ராமச்சந்திரன். அவரது தலைமையில் 2016 டிசம்பர் 27 அன்று சென்னையில் கூடிய பொதுக்குழு செய்த காரியம் தமிழர்களுக்கு நினைவிருக்கும். சுரேஷ் கல்மாடியையும் அபய் சிங் சௌதாலாவையும் வாழ்நாள் தலைவர்களாக அந்தக் கூட்டம் அறிவித்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அமைச்சகம் சங்கத்தின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. தம் மீதான வழக்கிலிருந்து விடுபடும்வரை பதவி வேண்டாம் என்றார் கல்மாடி. இரு வாரங்களுக்குள் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால், அந்தப் பொதுக்குழுவில் அமர்ந்திருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தவறு என்று அப்போதே உரக்கச் சொல்லத் தோன்றவில்லையே, ஏன்? நாற்காலியில் இருப்பவரும் அவரை அமர்த்தியவர்களும் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் அமைப்பில், எதிர்ப்புக் குரல் எழுவதற்கு இடமே இல்லை.

பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும் என்பது புதிய சிந்தனையும் அல்ல. 1975-லேயே மத்திய அரசு அதற்கான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவை ஏட்டில் கிடந்தன. வில்வித்தை சங்கத்தின் தலைவராக வி.கே. மல்ஹோத்ரா சுமார் 40 ஆண்டுகள் நீடித்தார். ஹாக்கி சம்மேளனத்தின் தலைவராக 1994 முதல் கே.பி.எஸ். கில் இருந்தார். 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பிறகு முதன்முறையாக இந்தியா ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதி பெறத் தவறியபோதும் அவர் பதவி விலகவில்லை. அடுத்த மாதம் வீரர் தேர்வுக்குப் பணம் பெற்றதாகச் சம்மேளனத்தின் செயலர் மீது தொலைக்காட்சி ஒன்று குற்றம் சாட்டிய பின்னரே அந்த நிர்வாகம் அகற்றப்பட்டது.

சட்டம் கொண்டுவர முயன்றவர்களுக்கு நேர்ந்தது என்ன? 2011 ஆகஸ்ட் 30 அன்று அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சர் அஜய் மாக்கன் கொண்டுவந்த தேசிய விளையாட்டு மசோதாவை மத்திய அமைச்சரவை திருப்பி அனுப்பியது. அந்த அமைச்சரவையில் இருந்த ஷரத் பவார், பிரஃபுல் படேல், சி.பி. ஜோஷி, ஃபரூக் அப்துல்லா, விலாஸ்ராவ் தேஷ்முக் ஆகியோர் அப்போது ஏதேனும் ஒரு விளையாட்டு அமைப்பின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தனர். தமது நாற்காலிக்கு வரம்பு விதிக்கும் மசோதாவைத் தாமே பரிசீலிக்கும் நிலை. வேலியே பயிரை மேய்ந்தால் காவல் எப்படி நடக்கும்? இதில் கட்சி வேறுபாடு எதுவும் கிடையாது. அன்று காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் நடந்ததைக் கண்டித்தவர்களின் கட்சிக்காரர்களே பின்னர் அதே நாற்காலிகளில் அமர்ந்தனர்.

அரசியல்வாதிகள் விளையாட்டு அமைப்புகளில் இருப்பதால் நன்மையும் உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அரசிடமிருந்து நிதி பெறவும், மைதானம் அமைக்கவும், நிறுவனங்களின் ஆதரவைத் திரட்டவும் செல்வாக்குள்ளவர்கள் தேவை என்கிறார்கள். இதை முற்றிலும் மறுத்துவிட முடியாது. வசதியற்ற விளையாட்டுகள் பல, செல்வாக்குள்ள ஒருவரின் முயற்சியால் உயிர்பெற்றிருக்கின்றன. ஆனால், நிதி திரட்டித் தருபவர் புரவலராக இருக்கலாமே. அவரே தலைவராக இருந்து, அணித் தேர்வு முதல் ஒழுங்கு நடவடிக்கை வரை அனைத்தையும் கையில் வைத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? வீராங்கனை ஒருவருக்கு மேலதிகாரி மீது புகார் இருந்தால், அதை அவர் எந்தக் கதவில் போய்ச் சொல்வது?

அதேவேளையில், தலைமைப் பொறுப்பில் ஒரு முன்னாள் வீரரை அமர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் சரியல்ல. 2022 டிசம்பரில் பி.டி. உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் வகுத்த புதிய சாசனத்தின்படி செயற்குழுவிலும் புகழ்பெற்ற வீரர்கள் பலர் இடம்பெற்றனர். அந்தச் சாசனம் பொதுச் செயலர் பதவியை அகற்றி, தலைமைச் செயல் அதிகாரி என்ற ஊதியப் பதவியை உருவாக்கியது. 2024 ஜனவரியில் அந்தப் பதவிக்கு ரகுராம் ஐயர் நியமிக்கப்பட்டதாக அறிவிப்பு வெளியானதும், செயற்குழுவின் பெரும்பான்மையினர் அந்த நியமனத்தை ஏற்க மறுத்தனர். முறைப்படி நடந்தது என்றார் தலைவர். நிர்ப்பந்தம் இருந்தது என்றனர் உறுப்பினர்கள். ஒன்றரை ஆண்டுகள் நீடித்த இந்த மோதலுக்கிடையே பாரீஸ் ஒலிம்பிக்கும் வந்துபோயிற்று. சங்கத்தில் நிலவிய குழப்பத்தைச் சுட்டிக்காட்டி, சர்வதேச ஒலிம்பிக் குழு வீரர்களின் மேம்பாட்டுக்கான நிதியுதவியை நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில்தான் நியமனத்துக்குச் செயற்குழு ஒப்புதல் அளித்தது.

இந்த விவகாரத்தில் இரு தரப்பிலும் இருந்தவர்கள் விளையாட்டு வீரர்களே. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, ஓர் உயர் பதவிக்கான நியமனம் எந்த விளம்பரத்தின் பேரில், எத்தனை விண்ணப்பங்களிலிருந்து, எந்த அளவுகோலின்படி நடந்தது என்பதைப் பொதுவெளியில் வைத்திருந்தால் மோதலுக்கே இடமிருந்திருக்காது என்பதே பாடம். நல்லவர்கள் வந்தால் போதாது. நல்ல நடைமுறையும் வேண்டும். தேர்தலுக்கு மட்டுமன்றி, சம்மேளனம் செய்யும் ஒவ்வொரு நியமனத்துக்கும் இது பொருந்தும்.

நியமனங்களில் வீரர்களின் உயிரோடும் மானத்தோடும் நேரடியாகத் தொடர்புடையது பயிற்சியாளர் நியமனம். தீவுகளுக்குப் பெருமை சேர்த்த சைக்கிள் பந்தயத்தையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்த கார் நிகோபார் சிறுமி டெபோரா ஹெரால்ட், பின்னாளில் உலக அளவில் அறியப்பட்ட சைக்கிள் வீராங்கனையானார். அதே தீவிலிருந்து வந்த ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வென்றார். உலகப் போட்டியில் இந்திய சைக்கிள் பந்தயத்துக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் தங்கம் வென்ற இந்திய ஜூனியர் அணியிலும் அவர் இருந்தார். இவர்களெல்லாம் இளம் வயதிலேயே வீட்டையும் கடலையும் தாண்டி, தில்லியின் பயிற்சி மையத்தை நம்பி வந்தவர்கள்.

அதே சைக்கிள் விளையாட்டில் 2022 ஜூன் மாதம், ஸ்லோவேனியாவில் பயிற்சிக்குச் சென்றிருந்த வீராங்கனை ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறினார். பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டு, அணி முழுவதும் திருப்பி அழைக்கப்பட்டது. அந்தக் குழுவில் இருந்த ஒரே வீராங்கனை அவர்தான். ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பும்போது உடன் பெண் அதிகாரி ஒருவர் வேண்டாமா என்று கேட்க, நிர்வாகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறு ஆண்டு மே மாதம், உள்விசாரணைக் குழு அமைக்காதது குறித்துப் பல தேசிய சம்மேளனங்களுக்குத் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. பத்தாண்டுகளாகியும் அது சம்மேளனங்களின் வாசலைத் தாண்டவில்லை. வீராங்கனைகளின் வாக்கை நம்பித் தேர்தலில் நிற்க வேண்டிய நிலை நிர்வாகிகளுக்கு இருந்திருந்தால், இந்த அலட்சியம் நீடித்திருக்குமா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் இந்தப் பின்னணியில்தான் பார்க்கப்பட வேண்டும். 2011-இல் அமைச்சரவை வாசலிலேயே திருப்பப்பட்ட முயற்சி, 14 ஆண்டுகளுக்குப் பிறகு சட்டமாகியிருப்பது வரவேற்கத்தக்கது. சம்மேளனங்களுக்கு அங்கீகாரம் வழங்கத் தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளை விசாரிக்கத் தீர்ப்பாயம், தேர்தலைக் கண்காணிக்க அனுபவம் பெற்ற முன்னாள் அதிகாரிகளின் குழு ஆகியவற்றுக்கு அது வழிசெய்கிறது. செயற்குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது. அவர்களில் குறைந்தது நால்வர் பெண்களாக இருக்க வேண்டும். சிறந்த வீரர்களுக்கும் இடம் அளிக்கப்பட வேண்டும். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஒருவர் பதவி வகிக்க முடியாது.

ஆனால், குறைகள் இல்லாமல் இல்லை. வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. எந்தச் சம்மேளனத்துக்கு அங்கீகாரம், எதற்கு இல்லை என்று தீர்மானிக்கும் அமைப்பு, ஆளும் கட்சியின் விருப்பு வெறுப்புக்கு உட்படாது என்பதற்கு உறுதியான ஏற்பாடு தேவை. தகவல் அறியும் உரிமையோ, அரசு நிதி பெறும் அமைப்புகளுக்கு, அதுவும் அந்த நிதியைப் பயன்படுத்தும் விதம் குறித்து மட்டுமே என்று சுருக்கப்பட்டுவிட்டது. அரசு நிதி பெறாத கிரிக்கெட் வாரியம் தப்பித்துக்கொண்டது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, செயற்குழுவில் வீரர்களுக்குச் சில இடங்கள் கிடைத்தாலும், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொதுக்குழுவின் பலம் முன்பு போலவே மாநிலச் சங்கங்களின் கையில் இருப்பதுதான். நாற்காலிக்கான விதி மாறியிருக்கிறது. வாக்காளர் பட்டியல் பெருமளவு மாறவில்லை.

மாநில, யூனியன் பிரதேசச் சங்கங்களின் நிலை என்ன என்பதே இனி ஆராயப்பட வேண்டிய விஷயம். இந்திய விளையாட்டுத் தேர்தல்களில் பெரிய மாநிலத்துக்கும் சிறிய யூனியன் பிரதேசத்துக்கும் ஒரே மதிப்புள்ள வாக்குகள். இது நியாயமானதே. சிறிய பிரதேசங்களின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால், அந்த வாக்கைச் செலுத்துபவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? அவரைத் தேர்ந்தெடுத்த கிளப்புகள் எவை? அந்தப் பிரதேசத்தில் கடந்த ஆண்டு எத்தனை போட்டிகள் நடந்தன? இவற்றைக் கேட்க வழியில்லை என்றால், அந்த வாக்கு அந்த மண்ணின் விளையாட்டு வீரர்களுக்கு உரியதாக இருக்காது. தில்லியில் தேர்தல் வரும்போது மட்டும் தேடி வரப்படும் சரக்காகிவிடும். சட்டமன்றம்கூட இல்லாத அந்தமான் போன்ற பிரதேசத்தில், வீரர்களின் குறையை எழுப்ப வேறு மன்றமும் குறைவு. எனவே, சங்கத்தின் வாக்கு யாருடையது என்ற கேள்வி அங்கு இன்னும் கூர்மை பெறுகிறது.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. முதலாவதாக, ஒவ்வொரு சம்மேளனத்தின் பொதுக்குழுவிலும் தற்போது களத்தில் இருக்கும் வீரர்களும் ஓய்வுபெற்ற வீரர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு, முடிவை மாற்றவல்ல அளவில் வாக்குரிமை வேண்டும். நிர்வாகிகள் கைகாட்டும் வீரர்களாக அவர்கள் இருக்கக் கூடாது. இரண்டாவதாக, மாநிலச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், தேர்தல் விவரம், கணக்குகள், நடத்திய போட்டிகள் ஆகியவை இணையதளத்தில் வெளியிடப்பட வேண்டும். வெளியிடாத சங்கத்துக்குத் தேசியத் தேர்தலில் வாக்கு இல்லை என்று விதி செய்ய வேண்டும். ஒரு மாநிலத்தின் சார்பில் வருபவர் அந்த மாநிலத்தின் விளையாட்டோடு மெய்யான தொடர்புடையவராக இருக்க வேண்டும். அதேவேளையில், தகுதியுள்ள வீரர் எவரும் தமது மாநில நிர்வாகிகளின் தயவின்றி வேட்பாளராக நிற்கவும் வழி வேண்டும்.

மூன்றாவதாக, தலைமைச் செயல் அதிகாரி, பயிற்சியாளர், தேர்வுக்குழு உறுப்பினர் ஆகிய நியமனங்கள் பொது விளம்பரம், தெரிவித்த அளவுகோல், எழுதிவைத்த காரணம் என்ற மூன்றின் அடிப்படையில் மட்டுமே நடக்க வேண்டும். தீர்மானிப்பவருக்கு அதில் சொந்த நலன் இருந்தால் விலகி நிற்க வேண்டும். 2015 ஜனவரி 22 அன்று கிரிக்கெட் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக உரைத்தது. நிர்வாகிகள் ஐபிஎல் அணிகளில் வர்த்தக நலன் வைத்துக்கொள்ள அனுமதித்த விதித் திருத்தத்தை அது ரத்து செய்தது. சென்னையைச் சேர்ந்த என். சீனிவாசன் வாரியத் தேர்தலில் நிற்க முடியாமல் போனது அதனால்தான். செல்வம் கொழிக்கும் கிரிக்கெட்டுக்குச் சொல்லப்பட்ட நீதி, ஏழை விளையாட்டுகளுக்கும் பொருந்த வேண்டும்.

நான்காவதாக, நிர்வாகிகளின் குற்றத்துக்கு வீரர்கள் தண்டிக்கப்படும் அநீதி ஒழிய வேண்டும். சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்படும் வேளையில், முகாம்களும் அணித் தேர்வும் தடையின்றி நடக்க முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஏற்பாடு இருக்க வேண்டும். சர்வதேச அமைப்புகளுடன் மத்திய அரசு இதுகுறித்துப் பேசித் தெளிவு பெறுவது அவசியம். அரசுத் தலையீடு கூடாது என்று சர்வதேச அமைப்புகள் கூறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், தன்னாட்சி என்பது விளையாட்டின் தன்னாட்சியே தவிர, நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களின் தன்னாட்சி அல்ல. வீரர்களுக்கு வாக்களிப்பது எந்த அரசின் தலையீடும் ஆகாது.

2036 ஒலிம்பிக் போட்டியை நடத்தும் விருப்பத்தை இந்தியா 2024 அக்டோபரில் முறைப்படி தெரிவித்திருக்கிறது. மைதானங்களைக் கட்டுவதற்குப் பணம் போதும். விளையாட்டைக் கட்டுவதற்கு நம்பிக்கை வேண்டும். மகளை அயலூர் முகாமுக்கு அனுப்பும் ஒரு தாய், அங்கே அவளுக்கு நீதி கிடைக்கும் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைத் தர வேண்டிய தலைவர்களை, அவளது மகளின் வாழ்வோடு தொடர்பே இல்லாத சிலர் தில்லியின் ஓர் ஓட்டல் அறையில் கூடி முடிவு செய்யும் நிலை தொடரும்வரை, தலைவர்களின் பெயர்கள் மாறலாம். ஷாதிபூர் சிறுமியின் நிலை மாறாது. அவளுக்குச் சேர வேண்டிய வாக்கை அவளிடம் கொடுப்பதே சீர்திருத்தத்தின் முதல் படி.